ஈசாப் கதையில் ஏமாந்தது யார்?

பாப்பாரப்பட்டிக்குப் போனால் இரண்டு இடங்களுக்குப் போகாமல் திரும்ப மாட்டேன். ஒன்று, தியாகி சுப்பிரமணிய சிவாவின் மணிமண்டபம். இன்னொன்று, என்னோடு கல்லூரியில் படித்த நண்பரின் வீடு. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் மரவள்ளி, நாலைந்து மாமரம், இரண்டு மாடு என்று காலம் ஓடுகிறது.

இந்த முறை போனபோது திண்ணையில் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தான். புதன்கிழமை. பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்க வேண்டியவன்.

"என்னப்பா, லீவா?" என்றேன்.

"நான் லீவு போடல மாமா. கம்பெனியே லீவு விட்டுடுச்சு" என்றான்.

உள்ளேயிருந்து நண்பரின் குரல் வந்தது. "போன வருஷம் பூரா 'நானும் கம்பெனில ஒரு முதலாளிப்பா'ன்னு சொல்லிட்டிருந்தான். இப்ப முதலாளிக்கே மூணு மாசமா சம்பளம் வரலையாம். கேட்டுக்குங்க."

கேட்டேன். கேட்டதிலிருந்து தூக்கம் சரியாக வரவில்லை. அதனால்தான் இந்த வாரம் உங்கள் தூக்கத்தையும் கொஞ்சம் கெடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பையன் வேலைக்குச் சேர்ந்த நேரத்தில் அவன் கையில் இரண்டு ஆர்டர்கள் இருந்தன. ஒரு கம்பெனி வருஷத்துக்கு 20 லட்சம் என்றது. இன்னொன்று 16 லட்சம்தான் தரும். ஆனால் கூடவே 'ஈசாப்' தருவதாகச் சொன்னது. அதாவது, கம்பெனியின் பங்குகளை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. "சம்பளத்தைப் பார்க்காதே தம்பி, நாளைக்கு பங்குச் சந்தைக்குப் போகும்போது உன் காகிதத்தின் மதிப்பைப் பார்" என்றார்களாம். பையன் 16 லட்சத்தை எடுத்துக்கொண்டான். வருஷத்துக்கு 4 லட்சத்தை விட்டுக்கொடுத்தான்.

இரண்டு வருஷம் போனது. '1,000 பங்கு உனக்கு உரிமையாகிவிட்டது, எடுத்துக்கொள்' என்று கடிதம் வந்தது. ஒரு பங்குக்கு அவன் கட்ட வேண்டியது 10 ரூபாய். அன்றைக்கு கம்பெனி போட்டு வைத்திருந்த மதிப்பு 1,200 ரூபாய். 10,000 ரூபாயைக் கட்டி 12 லட்சம் மதிப்புள்ள பங்கை வாங்கினான். வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

கேசரி ஆறுவதற்குள் அடுத்த கடிதம். 'உங்களுக்கு 11 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் லாபம் வந்திருக்கிறது. அது சம்பளத்தோடு சேரும். வரி கட்டுங்கள்.' அவன் இருந்த 30 சதவீத அடுக்கில், செஸ்ஸும் சேர்த்து, ஏறக்குறைய 3 லட்சத்து 70 ஆயிரம். பங்கை விற்று வரி கட்டலாம் என்றால், சந்தையில் பட்டியலிடாத கம்பெனி. வாங்க ஆள் கிடையாது. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது.

அதற்கு அடுத்த வருஷம் கம்பெனி திவால்.

கம்பெனியைப் பார்த்துக்கொள்ள ஒரு தீர்வு அலுவலர் வந்தார். பாக்கி இருப்பவர்கள் எல்லாம் எழுதிக் கொடுங்கள் என்றார். பையன் எழுதினான்: மூன்று மாதச் சம்பளம் 4 லட்சம், பங்கு 12 லட்சம். பதில் வந்தது. சம்பளப் பாக்கியைப் பதிவு செய்துகொண்டோம். பங்கைப் பொறுத்தவரை நீங்கள் கடன் கொடுத்தவர் அல்ல, உரிமையாளர். உரிமையாளருக்கு கம்பெனி பாக்கி வைத்திருக்க முடியாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர் ஒரு வார்த்தை சொன்னார்: "எங்க காட்டுல ரெண்டு வகை ஆளுங்க உண்டு. கூலிக்காரன், வாரக்காரன். கூலிக்காரனுக்கு மழை பெஞ்சாலும் பெய்யலைன்னாலும் சாயந்திரம் கூலி. வாரக்காரனுக்கு விளைஞ்சதுல பங்கு, காஞ்சா ஒண்ணுமில்ல. ஆனா, என்ன விதைக்கறதுன்னு அவன் முடிவு பண்ணலாம். இவன் எந்த வகைன்னே எனக்குப் புரியல."

எனக்கும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகங்களையும் சட்டப் புத்தகங்களையும் புரட்டிய பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது.

*

ஒரே காகிதம். அதற்கு இந்த நாட்டில் மூன்று பெயர்கள்.

முதல் பெயர்: செலவு.

கம்பெனி தன் லாப நஷ்டக் கணக்கை எழுதும்போது, ஊழியருக்குக் கொடுத்த ஈசாப்பை என்னவென்று எழுத வேண்டும்? இது சின்ன விஷயமில்லை. இதற்காக அமெரிக்காவில் ஒரு யுத்தமே நடந்தது. 1990-களில் அங்கே கணக்கியல் விதிகளை வகுக்கும் வாரியம், 'பங்கு உரிமை கொடுத்தாலும் அது சம்பளம்தான், செலவாக எழுது' என்று சொல்லிப் பார்த்தது. பெரிய கம்பெனிகள் குதித்தன. செலவாக எழுதினால் லாபம் குறையும். லாபம் குறைந்தால் பங்கு விலை இறங்கும். 1994-ல் அமெரிக்க செனட் சபையே அந்த வாரியத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. ஆதரவு 88, எதிர்ப்பு 9. வாரியம் பின்வாங்கியது.

பிறகு 2001 டிசம்பரில் என்ரான் விழுந்தது. அதற்கு முந்தைய வருஷம் 90 டாலரைத் தொட்ட பங்கு, ஒரு டாலருக்கும் கீழே போனது. ஓய்வுக்காலச் சேமிப்பை கம்பெனிப் பங்கிலேயே போட்டு வைத்திருந்த ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். கணக்குப் புத்தகங்களில் எதையெல்லாம் ஒளிக்கிறார்கள் என்று ஊரே கேட்க ஆரம்பித்த பிறகு, 2004-ல் அந்த வாரியம் கறாராகச் சொன்னது: ஈசாப் செலவுதான், எழுது. சர்வதேச விதியும் அதையே சொன்னது. நம் நாட்டில் பெரிய கம்பெனிகளுக்கு 2016-17 முதல் படிப்படியாக வந்த இந்தியக் கணக்கியல் தரம் 102 சொல்வதும் அதுதான்.

அந்த விதியின் அடிப்படை என்ன தெரியுமா? ஊழியன் உழைப்பைக் கொடுத்தான், அதற்கு விலையாக கம்பெனி பங்கைக் கொடுத்தது. ஆகவே அது ஊழியர் செலவு. சம்பளம், போனஸ், பி.எஃப். இருக்கும் அதே வரிசையில் இதையும் எழுது. அதாவது, ஈசாப் என்பது உழைப்புக்கான விலை என்று கணக்கு எழுதுகிறவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இரண்டாவது பெயர்: வருமானம்.

இதைச் சொல்வது வருமான வரித்துறை. பங்கை நீ எடுத்துக்கொள்ளும் நாளில், அதன் மதிப்புக்கும் நீ கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் உனக்குச் சம்பளத்தோடு சேர்ந்த சலுகை. சம்பளம் மாதிரியே அதற்கும் வரி. பணம் கைக்கு வந்ததா என்ற கேள்வியே கிடையாது. 2020 பட்ஜெட்டில் ஒரு தளர்வு கொடுத்தார்கள்: ஸ்டார்ட்-அப் ஊழியர்கள் பங்கை விற்கும்போதோ, வேலையை விடும்போதோ, சில வருஷம் கழித்தோ, எது முதலில் வருகிறதோ அப்போது வரி கட்டினால் போதும். நல்லதுதான். ஆனால், அரசாங்கத்திடம் தனிச் சான்றிதழ் வாங்கிய ஸ்டார்ட்-அப்களுக்கு மட்டும்தான் அது. நம்ம பையனின் கம்பெனியில் அது இல்லை.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். பங்கு பின்னால் பூஜ்யமாகிவிட்டால் கட்டிய வரி திரும்புமா? திரும்பாது. நஷ்டத்தையாவது சம்பளத்தில் கழிக்கலாமா? கழிக்க முடியாது. வாங்கும்போது அது சம்பளம்; நஷ்டமாகும்போது அது மூலதன நஷ்டம். மூலதன நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கச் சட்டம் விடாது. உள்ளே போகும்போது ஒரு வாசல், வெளியே வரும்போது வேறு வாசல். அந்த வாசலில் பூட்டு.

மூன்றாவது பெயர்: உரிமை.

இது கம்பெனி திவாலாகும் நாளில் கிடைக்கிற பெயர். அதுவரை செலவாக, சம்பளமாக இருந்த காகிதம் அன்றைக்கு காலையில் எழுந்ததும் 'பங்கு மூலதனம்' ஆகிவிடுகிறது. பையனும் முதலாளி ஆகிவிடுகிறான்.

*

2016-ல் வந்த திவால் சட்டத்தில், கம்பெனியைக் கலைத்துப் பணத்தைப் பிரிக்கும்போது யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று ஒரு வரிசை இருக்கிறது. 53-வது பிரிவு. ரேஷன் கடை க்யூ மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிற்பது திவால் நடவடிக்கைக்கு ஆன செலவு. அடுத்து, சொத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகள். அவர்களுக்குச் சமமாகத் தொழிலாளர்களின் 24 மாத பாக்கி. அதற்குப் பின்னால் மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பள பாக்கி. பிறகு ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்கள். பிறகு அரசாங்கத்தின் வரி பாக்கி. பிறகு மிச்சக் கடன்கள். பிறகு முன்னுரிமைப் பங்குதாரர்கள். எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகு, கடைசியில் சாதாரணப் பங்குதாரர்கள்.

அந்தக் கடைசி ஆள் கவுன்ட்டருக்குப் போகும்போது அரிசியும் இருக்காது, மண்ணெண்ணெயும் இருக்காது, கடைக்காரரும் இருக்க மாட்டார். டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் கம்பெனி 2021-ல் கை மாறியபோது, பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். திவால் சட்டத்தில் அது வழக்கம்தான், விதிவிலக்கு இல்லை.

பங்குச் சந்தையில் லாபம் பார்க்கலாம் என்று சொந்தப் பணத்தைப் போட்டவர் கடைசியில் நிற்பது நியாயம். நான் மறுக்கவில்லை. ரிஸ்க் எடுத்தார், தோற்றார். ஆனால், நம்ம பையன் சந்தைக்கே போகவில்லை. அவன் போட்டது பணமல்ல, இரண்டு வருஷ உழைப்பு. வருஷத்துக்கு 4 லட்சம் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போட்ட உழைப்பு. அவனையும் சூதாட வந்தவரோடு சேர்த்து அதே இடத்தில் நிறுத்துகிறது சட்டம்.

இதற்கு ஆரம்பம் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. கம்பெனி ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் வைத்தால், கணக்கில் ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் கடன் என்று எழுதும். அந்தக் கடனைக் காட்டி ஊழியன் கேட்கலாம். ஈசாப்புக்கு ஒரு பக்கம் செலவு என்று எழுதும். மறுபக்கம் கடன் என்று எழுதாது, மூலதனத்தில் ஒரு ஒதுக்கீடு என்று எழுதும். அந்த ஒரு வரியில் பையனின் தலையெழுத்து முடிந்துவிட்டது. கடனே இல்லாதபோது எதைக் காட்டிக் கேட்பான்?

திவாலாகும் நேரத்தில் அந்தக் கணக்கு எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். பையன் கதையை விட்டுவிட்டு ஒரு எளிய உதாரணம் சொல்கிறேன். நாலு வருஷம் வேலை பார்த்தால் 1,000 பங்கு மொத்தமாக உனக்கு என்று ஒருத்தருக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்த நாளில் அந்த உரிமையின் மதிப்பு 4 லட்சம். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் செலவு எழுதுவார்கள். இரண்டு வருஷம் முடிந்தது. 2 லட்சம் எழுதியாயிற்று. அப்போது கம்பெனி தடுமாறுகிறது.

அவரை வேலையை விட்டு அனுப்பினால்? நாலு வருஷம் முடிக்கவில்லை, ஆகவே உரிமை போச்சு. எழுதிய 2 லட்சம் செலவையும் திருப்பி எழுதிக்கொள்ளலாம். அனுப்பியது கம்பெனிதான் என்றாலும் விதி இதுதான். ஆள் போன அன்றைக்கு கம்பெனியின் நஷ்டம் 2 லட்சம் குறையும்!

அனுப்பாமல், திட்டத்தையே ரத்து செய்தால்? அப்போது மீதி 2 லட்சத்தையும் அன்றைக்கே செலவாக எழுத வேண்டும். கொடுத்ததாகவே கணக்கு. கொடுத்தது என்ன? ஒன்றுமில்லை.

நாலு வருஷமும் முடித்து உரிமை வாங்கின பிறகு கம்பெனி விழுந்தால்? எழுதிய 4 லட்சம் செலவு அப்படியே நிற்கும். 'இவருக்கு 4 லட்சம் ஊதியம் கொடுத்தோம்' என்று புத்தகம் சொல்லும். அவர் கையைத் திறந்து பார்த்தால் ரேகை மட்டும் இருக்கும்.

கணக்கு எழுதுகிறவர்களைக் குற்றம் சொல்லவில்லை. கொடுத்த நாளில் உழைப்புக்கு என்ன விலை பேசினார்கள் என்று எழுதுவது அவர்கள் வேலை. அதைச் சரியாகவே செய்கிறார்கள். என் கேள்வி சட்டத்திடம். உழைப்புக்கு விலை என்று நீயே அனுமதித்த ஒரு தொகையை, உழைப்பாளி கேட்க வரும்போது ஏன் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய்?

*

இது இந்தியாவில் மட்டும் நடக்கிற அநியாயம் என்று நினைக்க வேண்டாம். 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அங்கே ஊதியத்தில் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல், சில வருஷம் கழித்துப் பங்காகத் தருகிறோம் என்று வைத்திருந்தார்கள். அந்த வருஷங்கள் முடிவதற்குள் கம்பெனி முடிந்துவிட்டது. 'இது எங்கள் ஊதியம், கடனாகக் கணக்கில் எடுங்கள்' என்று ஊழியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017-ல் நியூயார்க்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: இல்லை, அது பங்கு சம்பந்தப்பட்ட உரிமை, பங்குதாரர் வரிசைக்குப் போங்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஒன்பது வருஷம் காத்திருந்ததற்கு அதுதான் பதில்.

நம் பக்கத்திலும் பாருங்கள். பெங்களூரில் பைஜூஸ். 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024-ல் அதில் முதலீடு செய்திருந்த ப்ரோசஸ் நிறுவனம் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதியது. அதே வருஷம் ஜூலை 16-ல், கிரிக்கெட் வாரியம் கேட்ட 158 கோடி ரூபாய் பாக்கிக்காக கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. ப்ரோசஸ் மாதிரி பெரிய முதலீட்டாளர் ஒரு கம்பெனியைப் பூஜ்யமாக்கிவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போவார். பத்தில் எட்டு போனாலும் இரண்டு ஜெயிக்கும் என்பது அவர் கணக்கு. ஊழியனிடம் இருப்பது ஒரே ஒரு கம்பெனி. அது விழுந்தால் வேலையும் போச்சு, சம்பளமும் போச்சு, சேமிப்பு என்று நினைத்த காகிதமும் போச்சு. மூன்றும் ஒரே நாளில்.

இதோடு ஜெட் ஏர்வேஸையும் வைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரலில் விமானங்கள் நின்றன. ஊழியர்கள் வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டையும் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2024 நவம்பரில் அந்தக் கம்பெனியைக் கலைக்கவே உத்தரவு வந்தது. அந்த நீண்ட இழுபறியிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி என்ற பெயர் இருந்ததால், அவர்கள் கோர்ட்டில் நின்று கேட்க முடிந்தது. திவால் சட்டமே அந்த நிதிகளைக் கடன்காரர்கள் கை வைக்க முடியாதபடி தனியே எடுத்து வைத்திருக்கிறது. பெயர்தான் எல்லாம். ஈசாப்புக்கு அந்தப் பெயர் இல்லை.

*

'என்ன சார், ஒரே அழுகாச்சியா இருக்கே. ஈசாப்பால் கோடீஸ்வரன் ஆனவங்க எத்தனை பேர்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். இன்ஃபோசிஸ் 1990-களிலேயே ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தது; பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கச் சந்தைக்குப் போனபோது, 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனரே சொன்னார். சந்தோஷம். உழைத்தவனுக்கு லாபத்தில் பங்கு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. உலகத்தில் நல்ல யோசனை என்று இருப்பவற்றில் அதுவும் ஒன்று.

நான் கேட்பது, சம்பளத்துக்கு மேலே கொடுத்தார்களா, சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தார்களா? மேலே கொடுத்தால் அது பரிசு. விளைந்தால் லாபம், காய்ந்தால் நஷ்டமில்லை. பதிலாகக் கொடுத்தால் அது கூலி. கூலியைக் காகிதமாகக் கொடுத்துவிட்டு, காகிதம் செல்லாமல் போனதும் 'நீதானேப்பா முதலாளி' என்பது என்ன நியாயம்? முதலாளி என்றால் போர்டு மீட்டிங்குக்கு அவனைக் கூப்பிட்டீர்களா? கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குக் கொட்டும்போது அவனைக் கேட்டீர்களா? ஆடிட்டர் ராஜினாமா செய்தால் அவனுக்குச் சொன்னீர்களா?

வங்கிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பங்கு ஏறினால் லாபம் முழுக்க ஊழியருக்கு. இறங்கினால் சம்பள பாக்கி மாதிரி எங்களோடு வந்து நிற்பாரா? தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் அவருக்கே ஜெயமா? பிறகு நாங்கள் எதை நம்பிக் கடன் கொடுப்பது?"

சரியான கேள்வி. பதில் சொல்லாமல் நழுவ முடியாது. அதனால்தான் நான் கேட்பது பங்கின் மதிப்பை அல்ல. 12 லட்சத்தைக் கொடு என்று கேட்கவில்லை. அந்த 12 லட்சம் ஒருநாளும் உண்மையாக இருந்ததில்லை. கம்பெனி ஊதிய பலூன் அது. கம்பெனி தன் கையாலேயே தன் புத்தகத்தில் 'ஊழியர் செலவு' என்று எழுதிய தொகை இருக்கிறதே, அதில் கடைசி 12 மாதத்துக்கானதை மட்டும் சம்பள பாக்கி வரிசையில் சேர். கேட்கிற ஊழியர் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும். அப்புறம் கம்பெனி பிழைத்து எழுந்தால் அந்த லாபம் அவருக்கு இல்லை. தலைமைப் பதவிகளில் இருப்பவர்களுக்கு இந்த உரிமை வேண்டாம். கம்பெனியைக் கவிழ்த்தவர்கள் க்யூவில் முன்னால் வந்துவிடக் கூடாது. இதில் வங்கிக்கு என்ன நஷ்டம்? அந்த ஊழியர் பணமாகச் சம்பளம் கேட்டிருந்தால், அந்தப் பாக்கி எந்த வரிசையில் நின்றிருக்குமோ அதே இடம்தானே?

வங்கிக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படின்னா பேசலாம்" என்றார். அவர் அளவுக்காவது டெல்லியில் யாராவது யோசிக்கலாம்.

இன்னும் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, எல்லா ஊழியருக்கும், விற்றுப் பணம் கைக்கு வரும் நாளில்தான் வரி. வராத பணத்துக்கு வரி கேட்பது, கருவுறாத மாட்டுக்குப் பால் கணக்கு எழுதுகிற மாதிரி. இரண்டு, வேலை ஆர்டரில் பணம் எவ்வளவு, காகிதம் எவ்வளவு என்று இரண்டு தனித்தனி வரி. காகிதத்துக்குக் கீழே, 'கம்பெனி விழுந்தால் இதற்கு நீங்கள் கடைசி வரிசை' என்று அவரவர் மொழியில் ஒரு வாக்கியம். சிகரெட் அட்டையில் படம் போட வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

*

அன்று சாயந்திரம் பையனையும் கூட்டிக்கொண்டு மணிமண்டபத்துக்குப் போனேன். சின்ன வயசிலிருந்து பார்த்த இடம்தான். ஆனால், சிவாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது தியாகி என்ற ஒரு வார்த்தைதான். நான் ஒரு பழைய பங்குக் கதையைச் சொன்னேன்.

1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. ஒரு கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். சுதேசி நாவாய்ச் சங்கம். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள், பங்கு ஒன்று 25 ரூபாய். ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார்கள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908-ல் வ.உ.சி.யும் சிவாவும் சிறைக்குப் போனார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. எந்தக் கம்பெனியை எதிர்த்து ஆரம்பித்தார்களோ, அவர்களுக்கே காலியா கப்பலை விற்றார்கள் என்பது வரலாற்றின் கொடுமை. பங்கு வாங்கியவர்களுக்கு நஷ்டம். ஆனால் அவர்கள் தெரிந்து வாங்கினார்கள். சொந்தப் பணத்தை, ஒரு லட்சியத்துக்காக, விரும்பிப் போட்டார்கள்.

அதே தூத்துக்குடியில், அதே 1908-ல், கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காக மேடை ஏறியவர்கள் வ.உ.சி.யும் சிவாவும். கையில் ஒரு கப்பல் கம்பெனியே வைத்திருந்த வ.உ.சி., அந்தத் தொழிலாளிகளுக்காகக் கேட்டது என்ன? கூலி உயர்வு, வார விடுமுறை. நிர்வாகம் இறங்கி வந்தது. சுதேசிப் பங்கு வேறு, உழைக்கிறவனின் கூலி வேறு என்று அந்த மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. தேசபக்தியின் பேரால்கூட ஒன்றை இன்னொன்றாக்கவில்லை.

சிறை சிவாவுக்குக் கொடுத்தது தொழுநோய். ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். நடந்தே ஊர் ஊராகப் போனார். 1925 ஜூலையில் இந்தப் பாப்பாரப்பட்டியில்தான் கண்ணை மூடினார்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப நான் எந்த வகை மாமா? கூலியா, வாரமா?" என்றான்.

வீட்டுக்குத் திரும்பியபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நண்பரிடம் அதே கேள்வியைப் போட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"இப்பப் புரிஞ்சுபோச்சு. விதைக்கறப்ப இவன் கூலிக்காரன். இவனை யாரும் கேட்கல. வரி கட்டறப்ப சம்பளக்காரன். காஞ்சுபோனப்ப வாரக்காரன். எங்க ஊர்ல ஒருத்தன்கிட்ட இப்படி மூணு மாதிரி பேசினா, அடுத்த நாள் காட்டுக்கு ஒரு ஆளும் வர மாட்டான்."

பெங்களூருக்கு மட்டும் தினமும் பஸ் நிறைய ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போகிறவர்கள் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நான் கூலியா, வாரமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.